மாலை 5 முதல் 7.30 வரை மீட்டிங் வேண்டாம்: ஓ.எம்.ஆர். மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) நெடுக அலுவலகம் நடத்தும் நிறுவனங்களின் மேலாளர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒரு நிறுவனத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போவது பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரைக்கும் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் பொருந்தும். வீடு கீழ்க்கட்டளையில், அலுவலகம் சோழிங்கநல்லூரில். மூன்று வயதில் ஒரு மகள். மனைவி செவிலியர், அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். அதனால் மாலையில் டேகேரிலிருந்து பிள்ளையைக் கூட்டிவருவது பெரும்பாலும் என் பொறுப்பு. உங்களிடம் முதன்மையாகக் கேட்க வந்தது ஒன்றுதான். மாலை 5 மணியிலிருந்து 7.30 வரை மீட்டிங் வைக்காதீர்கள்.

சோழிங்கநல்லூரிலிருந்து எங்கள் ஏரியாவுக்கு இரண்டு வழி. பெரும்பாக்கம், மேடவாக்கம், கோவிலம்பாக்கம் என்று வரலாம். இல்லையென்றால் துரைப்பாக்கம் வரை ஓ.எம்.ஆரில் வந்து ரேடியல் ரோட்டைப் பிடிக்கலாம். முதல் வழியில் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 5-ஆவது வழித்தட வேலை, இரண்டாவது வழியில் 3-ஆவது வழித்தட வேலை. மாதவரத்தில் கிளம்பும் இந்த இரண்டும் சோழிங்கநல்லூரில்தான் சந்திக்கப்போகின்றன. முழுதாக ஓடத் தொடங்கினால் என் வீட்டுப் பக்கம் ஏறி அலுவலகத்துக்குப் பக்கத்தில் இறங்கலாம். நல்லபடியாக வரட்டும், அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் இன்றைக்கு மாலை பிள்ளையைக் கூப்பிட இன்றைக்கு இருக்கும் சாலையில்தான் போயாக வேண்டும்.

அந்தச் சாலையில் 5 மணிக்குக் கிளம்புவதும் 6 மணிக்குக் கிளம்புவதும் ஒரு மணிநேர வித்தியாசம் இல்லை. ஐந்துக்குக் கிளம்பினால் ஆறேகாலுக்குள் டேகேர் வாசலில் நிற்கலாம். ஆறுக்குக் கிளம்பினால் ஏழரைக்குக்கூட உறுதியில்லை. கம்பெனி பஸ்களும் கேப்களும் ஒரே நேரத்தில் கேட்டை விட்டு வெளியே வரும். மாநகரப் பேருந்தில் ஏற ஸ்டாப்பில் ஒரு கூட்டம் சாலையின் பாதி வரை நிற்கும். டூ வீலர்காரர்கள் எல்லாம் தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் நுழையப் பார்ப்போம். மழை பெய்தால் சொல்லவே வேண்டாம்.

டேகேர் என்று நாம் சொல்வது எங்கள் பக்கமெல்லாம் பெரும்பாலும் ஒரு வீட்டின் தரைத்தளம். நடத்துகிற அக்காவுக்கும் வீடு உண்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டு. ஏழு மணிக்கு மூடவேண்டும் என்று அவர் நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. லேட்டானால் கூடுதல் பணம் வாங்குவார். பணம்கூடப் பரவாயில்லை, கொடுத்துவிடலாம். ஆறரைக்கு மேல் ஒவ்வொரு முறை கேட் சத்தம் கேட்கும்போதும் மிச்சமிருக்கும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து ஓடிவருவார்கள். வந்தது வேறு யாருடைய அப்பாவோ என்று தெரிந்ததும் மற்றவர்கள் திரும்பிப்போய் உட்காருவார்கள். நான் அந்த வாசலில் நிற்கும்போது பார்த்ததைச் சொல்கிறேன். என் பிள்ளை மட்டுமில்லை, அங்கே கடைசியாக இருக்கும் பிள்ளைகள் எல்லாருமே உங்கள் சாலையில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள்தான்.

சரி, மாலை மீட்டிங் ஏன் வருகிறது? வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருக்கிறார். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் வைத்துவிட்டால் அதே 9 மணி நமக்கு 7.30. அங்கே ஒருவர் வழக்கம்போலக் காபியோடு வந்து உட்காருகிறார். இங்கே நாற்பது வீடுகளில் சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம், யார் யாரைக் கூப்பிடுவது என்ற ஏற்பாடு எல்லாம் மாறுகிறது. பிறகு மார்ச்சில் மறுபடியும் மாறுகிறது. இதை ஆண்டுக்கு இருமுறை நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம், யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதைத் திருப்பிப் போடலாம். மீட்டிங்கை இந்திய நேரத்துக்குக் கட்டுங்கள். ஆண்டு முழுக்க இங்கே 7.30. அங்கே குளிர்காலத்தில் 9 மணி, கோடையில் 10 மணி. ஆபீஸுக்கு வந்த பிறகு ஒரு மணிநேரம் கழித்துப் பேசுவதால் வாடிக்கையாளருக்கு என்ன நஷ்டம்? நான் பேசிப் பார்த்தவரை அவர்களில் பலருக்கு இங்கே எத்தனை மணி என்றே தெரியாது. சொன்னால் உடனே ஒத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்கத் தயங்குவது நம் பக்கத்து மேலாளர்கள்தான். காலிபோர்னியா என்றால் கணக்கு வேறு, அந்த டீம்களின் கஷ்டம் தனி. ஆனால் மாலை ஐந்தரைக்கு வருகிற அழைப்புகள் எல்லாமே வெளிநாட்டிலிருந்து வருபவை இல்லை. பக்கத்து பிளாக்கில் உட்கார்ந்திருப்பவர் "அஞ்சே நிமிஷம், ஒரு குவிக் கால்" என்று போடுவதும் அதில் உண்டு. அதைக் காலை பதினொன்றுக்குப் பேசியிருக்கலாம்.

ஏழரைக்கு மேல் வீட்டிலிருந்து வேலை பார்க்க நாங்கள் தயார். அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பிள்ளையைக் கூட்டிவந்து, முகம் கழுவிவிட்டு, இரண்டு தோசை ஊட்டிவிட்டால் லேப்டாப்பைத் திறந்துவிடலாம். ஆனால் இதற்குக் குறுக்கே நிற்பது ஸ்வைப் கணக்கு. கார்டு தேய்த்து உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை ஒன்பது மணிநேரம் காட்டவேண்டும் என்றால் ஐந்துக்குக் கிளம்புபவர் எட்டுக்கே உள்ளே இருக்கவேண்டும். எங்கள் டேகேர் எட்டரைக்குத்தான் திறக்கும். வீட்டிலிருந்து பார்க்கும் இரண்டு மணிநேரத்தையும் அந்தக் கணக்கில் சேருங்கள். கொரோனா காலத்தில் முழு வேலையையும் வீட்டிலிருந்து வாங்கினீர்கள். இரண்டு மணிநேரத்தை நம்பக் கூடாதா?

குழந்தைகள் காப்பகம் பற்றியும் பேசவேண்டும். 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் காப்பக வசதி இருக்கவேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்தது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. உங்களில் சிலர் அழகான காப்பகங்கள் வைத்திருக்கிறீர்கள். கைக்குழந்தைக்காரர்களுக்கு அது பெரிய வரம், எடுத்துவிடாதீர்கள். ஆனால் மேடவாக்கத்திலோ குரோம்பேட்டையிலோ இருப்பவர் இரண்டு வயதுப் பிள்ளையைக் காலையும் மாலையும் இந்தப் போக்குவரத்தில் கூட்டிவந்து கூட்டிப்போக முடியுமா? முடியாததால்தான் அந்த அறைகளில் இடம் காலியாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு யாருக்கும் தேவையில்லை போல என்று முடிவு கட்டுகிறீர்கள். மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் காப்பகம் வேலையிடத்தில்தான் இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. ஊழியர் வசிக்கும் பகுதியில், 500 மீட்டருக்குள் இருக்கலாம் என்கிறது. மடிப்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று உங்கள் ஆட்கள் எங்கே குவிந்திருக்கிறார்கள் என்பது கேப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். நான்கைந்து நிறுவனங்கள் சேர்ந்து அங்கே இருக்கும் நல்ல டேகேர்களோடு ஒப்பந்தம் போட்டு, எட்டு மணி வரை திறந்திருக்க ஒரு ஆள் சம்பளத்தைக் கொடுத்தாலே நிறைய வீடுகள் மூச்சுவிடும்.

அதே வழிகாட்டுதல் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்கிறது. எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் பெண்களில் பலர் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள். நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள். ஷிப்ட் காலை ஏழுக்கு. அங்கன்வாடி திறப்பதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு அக்கா சொன்னார், ஆறாவது படிக்கும் மூத்த மகள்தான் தம்பியைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாளாம். ஐந்து மணி மீட்டிங் அவர் பிரச்சினை இல்லை. ஆனால் அவர் வீடு அலுவலகத்துக்குப் பக்கம். காலியாக இருக்கும் அந்தக் காப்பக அறைக்கு அவர் பிள்ளைதான் முதலில் வரவேண்டிய பிள்ளை. ஏஜென்சி ஊழியர் என்பதால் பட்டியலில் இல்லை. எனக்குக் கேட்பதைவிட இதைக் கேட்பது எனக்கு முக்கியம்.

இன்னொன்று. பிள்ளையைக் கூப்பிடப் போகவேண்டும் என்று ஒரு பெண் சொன்னால் அவருக்கு வேலையில் அக்கறை குறைந்துவிட்டது என்று பேச்சு கிளம்புகிறது, ஆண் சொன்னால் "உங்க வைஃப் போக மாட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். நேரடியாகவே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் பல அப்பாக்கள் டாக்டர், பேங்க் என்று வேறு காரணம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். நீங்கள் கொண்டுவரும் எந்த ஏற்பாட்டிலும் "பெண் ஊழியர்களுக்கு" என்று மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் சுமை முழுக்க அவர்கள் தலையில் போய் நிற்கும், அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அதுவே அவர்களுக்கு எதிராகவும் திரும்பும்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரம் மாறும். அதற்கு முன்னால் ஒவ்வொரு மேலாளரும் தன் டீம் காலண்டரைத் திறந்து, 5-க்கும் 7.30-க்கும் நடுவில் இருப்பதை எல்லாம் பார்க்கட்டும். நகர்த்த முடிந்ததை நகர்த்துங்கள். நகர்த்தவே முடியாதவை சில இருக்கும். அவற்றைப் பட்டியல் போட்டு எங்களிடம் கொடுங்கள். யார் எந்த நாள் இருப்பது என்று நாங்களே முறை வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு தகப்பன்