இரக்கத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிறரன்புச் சேவை பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல நடை. ஆனால் மனதில் இரக்கம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்கிற தொனி அதில் முழுக்க இருந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. திருச்சபையின் பிறரன்பு அமைப்புகளுக்கெல்லாம் பாதுகாவலரான புனித வின்சென்ட் தே பவுல் அப்படி நினைத்தவர் அல்ல.

1617 ஆகஸ்டில் அவர் பிரான்சின் சாத்தியோன் ஊரில் பங்குத்தந்தை. ஒரு ஞாயிறன்று திருப்பலிக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு குடும்பமே நோயில் படுத்திருக்கிறது, கவனிக்க ஆளில்லை என்று சேதி வந்தது. மறையுரையில் அதைச் சொன்னார். பிற்பாடு அந்த வீட்டுக்குப் புறப்பட்டால், வழி நெடுக உதவப் போகிறவர்களும் உதவிவிட்டுத் திரும்புகிறவர்களும்! வேறு ஒருவராக இருந்தால் தன் பிரசங்கம் பலித்தது என்று பூரித்துப் போயிருப்பார். இவருக்கோ கவலை வந்துவிட்டது. இத்தனை உணவும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தால் கொஞ்சம் கெட்டுப்போகும். அப்புறம் அந்த வீடு பழையபடி பட்டினிதான். சில நாட்களிலேயே ஊர்ப் பெண்களைக் கூட்டி, முறை வைத்து நோயாளிகளைக் கவனிக்க ஒரு சங்கம் அமைத்தார்.

அந்தச் சங்கத்துக்கு அவர் எழுதிய விதிமுறைதான் எனக்குப் பெரிய ஆன்மிக நூலாகத் தெரிகிறது. நோயாளியை முகமலர்ச்சியோடு விசாரிக்க வேண்டும், துணி விரித்து உணவு வைக்க வேண்டும், கை கழுவ உதவ வேண்டும், இறைச்சியை வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று நுணுக்கமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியிடம் முதலில் போங்கள், தனியாக இருப்பவரிடம் கடைசியாகப் போங்கள் என்றும் ஒரு விதி. ஏன் தெரியுமா? அவரோடு கூடுதல் நேரம் இருக்கலாம். இரக்கம் மட்டுமே உள்ளவருக்கு இந்த யோசனை வராது. ஒவ்வொரு நோயாளியாக நினைத்துப் பார்த்தவருக்குத்தான் வரும்.

செபம் குறையாதா என்று கேட்பவர்களுக்கும் அவரிடம் பதில் உண்டு. லூயிஸ் தெ மரியாக் என்ற பெண்மணியோடு சேர்ந்து 1633-இல் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபையின் சகோதரிகளிடம், செப நேரத்தில் ஓர் ஏழைக்கு மருந்து தர வேண்டியிருந்தால் கலங்காமல் எழுந்து போங்கள், அது கடவுளுக்காகக் கடவுளை விட்டுச் செல்வது என்றார். எளியவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று இயேசு சொல்லும் மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தை உண்மையிலேயே நம்புகிறவர்தான் இப்படிப் பேச முடியும்.

இன்னொன்றையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினர் (குருக்களோ துறவிகளோ அல்லாத மக்கள்) ஆற்றும் திருத்தூதுப்பணி பற்றி 1965-இல் வெளியிட்ட ஏடு, நீதிப்படி ஒருவருக்குச் சேர வேண்டியதை அன்பளிப்பாகக் காட்டாதீர்கள் என்கிறது. வேலையாளின் கூலியைக் குறைத்துவிட்டு கிறிஸ்துமஸுக்கு அவருக்கே புத்தாடை கொடுக்கிற முதலாளியின் பெயரையும் நன்கொடையாளர் பட்டியலில் மகிழ்ச்சியோடு வாசிக்கிறோமே, இந்த ஏட்டை யாராவது ஒரு மறையுரையில் எடுத்துச் சொல்லக் கூடாதா?

கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது, பிறரன்புச் சங்கங்களில் கணக்கு எழுதுகிறவர்களையும், எந்த வீட்டுக்கு யார் எப்போது போவது என்று பட்டியல் போடுகிறவர்களையும் பற்றி எழுதச் சொல்லுங்கள். அவர்களைப் பற்றி உங்கள் இதழில் இதுவரை ஒரு வரிகூட வாசித்த நினைவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்