ஆந்தையின் அருகே பென்சில் கோடுகளும் இருக்கட்டும்

ஆர்க்டிக் பகுதிப் பழங்குடியினரான இனுயிட் மக்களின் அச்சோவியங்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இனுயிட் ஓவியர் கெனோஜுவாக் அஷேவாக்கின் ‘மாய ஆந்தை’யை நீங்கள் காட்சிப்படுத்தும் முறை குறித்து ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 1960இல் வெளியான அந்தக் கல்லச்சோவியம் 1970இல் கனடாவின் ஆறு சென்ட் அஞ்சல்தலையில் இடம்பெற்றது. 2018இல் அதன் ஒரு படி 2,16,000 கனடிய டாலருக்கு ஏலம் போனது. இந்தப் புகழே அதை வரைந்தவரை மறைத்துவிடுகிறது என்பது என் வருத்தம்.

1927இல் கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள பாஃபின் தீவின் தென்பகுதியில் ஒரு பனிவீட்டில் பிறந்து, வேட்டைக் குடும்பங்களின் முகாம்களில் வளர்ந்தவர் அவர். 1952இல் காசநோய்ச் சிகிச்சைக்காகக் கியூபெக் நகரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மருத்துவமனையில் இருந்தார். பின்னாளில் பென்சிலைப் பிடித்தது சீல் தோலில் அலங்காரம் தைத்துப் பழகிய கை. பை ஒன்றுக்காக அவர் அமைத்த வடிவமே ‘கடற்பாசி தின்னும் முயல்’ என்ற முதல் அச்சோவியமாயிற்று. தோலை வெட்டி ஒட்டித் தைக்கும் அந்தப் பயிற்சியைச் சொல்லாமல், ஆந்தையின் இறகுகள் கதிர்களைப் போல விரியும் துல்லியத்தைப் பார்வையாளருக்கு விளக்கிவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

அந்தத் துல்லியத்தில் வேறு சிலரின் உழைப்பும் இருக்கிறது. இன்று கிங்கைட் எனப்படும் கேப் டோர்செட் என்ற இனுயிட் ஊரின் கூட்டுறவுப் பட்டறையில், ஓவியர்கள் தாளில் வரைந்து கொடுத்ததை லுக்டா கியாட்சுக், அயோலா கிங்வாட்சியாக் போன்ற கலைஞர்கள் சமன் செய்த கல்லுக்கு மாற்றினார்கள். வேண்டாத பகுதிகளைச் செதுக்கி நீக்கி, மேடாக நின்ற இடங்களில் மை பூசி, மெல்லிய ஜப்பானியத் தாளைப் பரப்பிக் கையால் தேய்த்துப் படியெடுத்தார்கள். ‘மாய ஆந்தை’யில் 50 படிகள், பாதி சிவப்பும் கறுப்பும், மறுபாதி பச்சையும் கறுப்பும். ஆகவே ஒவ்வொரு அச்சோவியத்தின் கீழும் வரைந்தவர் பெயரோடு செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்களையும் அதே அளவு எழுத்தில் பொறியுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்தின் ஏறத்தாழ ஒரு லட்சம் மூலக் கோட்டோவியங்கள் ஒன்டாரியோவின் கிளைன்பர்க்கில் உள்ள மெக்மைக்கேல் கலைக்கூடத்தில் காக்கப்படுகின்றன. இயன்ற இடங்களில் அவற்றை இரவல் பெற்று அச்சுப்படியின் பக்கத்தில் வையுங்கள். எது கெனோஜுவாக்கின் கோடு, எது கல்லில் சேர்ந்தது என்பதைப் பார்ப்பவர் தாமே கண்டறியட்டும்.

ஆந்தைக்குப் பிறகும் அவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வரைந்தார். 2004இல் ஓக்வில் நகரத் தேவாலயம் ஒன்றின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தையும் வடிவமைத்தார். 2013இல் மறைந்த அவருடைய பிற்காலப் படைப்புகளுக்கும் உங்கள் சுவர்களில் இடம் தாருங்கள்.

இப்படிக்கு,
அச்சோவிய ஆர்வலர் ஒருவர்