பலகைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள்

கோபிச்செட்டிபாளையம்

அன்புள்ள கண்ணு,

நானும் அம்மாவும் நலம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். நாற்றங்கால் வேலை நடக்கிறது. மற்ற ஊர்ச் செய்திகளைத்தான் போனில் சொல்லிவிட்டேனே. நீ கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்லப் பொறுமை போதாது என்பதால் எழுதுகிறேன்.

என் பேரன், நம் தம்பி, போட்டியில் தோற்றுவிட்டு, இனிமேல் செஸ் பலகையைத் தொடமாட்டேன் என்கிறானாம். அவனிடம் என்ன சொல்வது என்று கேட்டாய். அறிவுரை எதுவும் வேண்டாம், கதை சொல். அவனுக்கு இணையத்தில் பாடம் நடத்துகிறவர் கெட்டிக்காரர்தான். ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளில் ஒன்றான சிசிலியன் தற்காப்பில் நஜ்டோர்ஃப் வகை என்று பெயர் சொல்லி, பத்து நகர்த்தல் வரை என்னிடம் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தான். ஆனால் நஜ்டோர்ஃப் என்பது ரத்தமும் சதையுமாக வாழ்ந்த ஒரு மனிதரின் பெயர் என்பது அவனுக்குத் தெரியவில்லை. இங்கே சனிக்கிழமைகளில் நூலகத்துக்கு ஆட வரும் பிள்ளைகளிடம் நான் கண்டதைச் சொல்கிறேன். ஆட்டக்காரர்களின் கதை தெரிந்த பிள்ளை, தோற்ற மறுவாரமும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தோற்றவர்கள் வரிசையில் தனக்கு முன்னால் யார் யாரெல்லாம் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியும்.

முதலில் மிகைல் தாலின் நீர்யானைக் கதையைச் சொல். தால் ரீகா நகரத்துக்காரர். 1960-ல் 23 வயதிலேயே உலகச் சாம்பியன் ஆனவர். சோவியத் சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றில் வசியுகோவுடன் ஆடும்போது, ஒரு குதிரையைப் பலி கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். கணக்கு கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போகிறது. திடீரென்று மனத்தில் ஒரு குழந்தைப் பாட்டின் வரி: சதுப்பில் சிக்கிய நீர்யானையை வெளியே இழுப்பது எவ்வளவு கடினம்! அவ்வளவுதான், ஆட்டம் மறந்துபோய்விட்டது. நெம்புகோல் வைக்கலாமா, ஹெலிகாப்டர் கொண்டுவரலாமா, கயிற்று ஏணி போடலாமா என்று நீர்யானையை மீட்கும் வழிகளை யோசித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சரிப்படவில்லை. 'சரி, மூழ்கட்டும்' என்று அதைக் கைவிட்ட பிறகு பலகையைப் பார்த்தால், நிலை எளிதாகத் தெரிந்ததாம். குதிரையைக் கொடுத்தார், வென்றார். மறுநாள் செய்தித்தாளில், தால் 40 நிமிடம் ஆழ்ந்து சிந்தித்துத் துல்லியமாகக் கணக்கிட்டுக் காயைப் பலி கொடுத்தார் என்று வந்தது. இதைத் தால் தானே சொல்லிச் சிரித்திருக்கிறார். கணக்கு ஓரளவுக்குத்தான், அதற்கு மேல் துணிச்சல் வேண்டும் என்பதை இதைவிட நன்றாக எந்தப் பாடமும் சொல்லித் தராது.

தாலின் பார்வை எதிராளியை மயக்கிவிடும் என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. 1959-ல் யூகோஸ்லாவியாவில், உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில், அதற்குப் பயந்து பால் பென்கோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தாலும் சக ஆட்டக்காரர் பெட்ரோசியனிடம் ஒரு பெரிய கண்ணாடியை இரவல் வாங்கி மாட்டிக்கொள்ள, அரங்கமே சிரித்தது. தாலின் வலது கை பிறவியிலேயே ஊனமுற்றது. வாழ்நாள் முழுவதும் நோயோடுதான் ஆடினார். 1992-ல், இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, மருத்துவமனையிலிருந்து எழுந்துபோய் மாஸ்கோவில் ஒரு அதிவேகப் போட்டியில் கலந்துகொண்டு, அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை ஒரு ஆட்டத்தில் வென்றார். இந்தக் கடைசிப் பகுதியையும் விடாமல் சொல்.

சிரிக்க இன்னும் இரண்டு கதைகள். 1972-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அமெரிக்காவின் பாபி ஃபிஷரும் சோவியத் நாட்டின் போரிஸ் ஸ்பாஸ்கியும் உலகப் பட்டத்துக்காக மோதியபோது, அரங்கில் ஏதோ கருவி வைத்து ஸ்பாஸ்கியைக் குழப்புகிறார்கள் என்று சோவியத் தரப்பு புகார் கொடுத்தது. நாற்காலிகளை எக்ஸ்ரே எடுத்தார்கள், விளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். கிடைத்தவை செத்துப்போன இரண்டு ஈக்கள். 1978-ல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் கார்போவும் கோர்ச்னாயும் உலகப் பட்டத்துக்காக மோதியபோது, ஆட்டத்தின் நடுவே கார்போவுக்கு ஒரு கிண்ணம் தயிர் வந்தது. எந்த நேரத்தில், எந்த நிறத்தில் தயிர் வருகிறது என்பதே ரகசியச் சைகையாக இருக்கலாம் என்று கோர்ச்னாய் தரப்பு எழுதிக் கொடுத்தது! தம்பிக்குத் தயிர் பிடிக்கும், இது மனத்தில் நிற்கும்.

ஆனால் ரெய்க்யவிக் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஈக்கள் இல்லை. ஆறாவது ஆட்டத்தில் ஃபிஷர் அவ்வளவு அழகாக ஆடி வென்றார். மக்கள் கைதட்டினார்கள். தோற்ற ஸ்பாஸ்கியும் எழுந்து நின்று அவர்களோடு சேர்ந்து கைதட்டினார். உலகச் சாம்பியன் பட்டம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் வேளையில் ஒருவர் அப்படிச் செய்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. தம்பியிடம் இதைச் சொல்லும்போது அவசரப்படாதே.

அடுத்தவர் மீர் சுல்தான் கான். பஞ்சாபில் சர் உமர் ஹயாத் கான் என்ற பெரிய நிலக்கிழாரின் பரிவாரத்தில் இருந்தவர். அவர் சிறு வயதில் ஆடியது பழைய இந்திய முறை. அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டம்தான் போகும். ராஜாவையும் யானையையும் இன்றைய முறையில் இடம் மாற்றிக் கோட்டை கட்ட முடியாது. ஐரோப்பிய விதிகளை வளர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டார். 1929-ல் எஜமானருடன் லண்டன் போனவர் அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆகிவிட்டார். 1932-லும் 1933-லும் மறுபடி அவரே. 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கப்பாபிளாங்காவை வென்றார். 1916 முதல் 1924 வரை எட்டு ஆண்டுகள் யாரிடமும் தோற்காமல் இருந்த அதே கப்பாபிளாங்கா! அதே வீட்டிலிருந்து போன ஃபாத்திமா என்ற பெண் 1933-ல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றார். பிறகு எஜமானர் ஊர் திரும்ப, சுல்தான் கானும் திரும்பிவிட்டார். பஞ்சாபில் விவசாயம் பார்த்து வாழ்ந்து 1966-ல் காலமானார். உலகச் செஸ் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-ல். 58 ஆண்டுகள் கழித்து! உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்க வேண்டியது. எனக்கு அந்த வருத்தம் தீரவில்லை. நூலகத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும், ஃபாத்திமாவின் பெயர் வரும்போது பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஆனந்தைப் பற்றி அவனுக்கு நிறையத் தெரிந்திருக்கும். இந்த மூன்று செய்திகள் தெரியுமா என்று கேள். முதலாவது உனக்காகவும்தான். சிறு வயதில் அவர் மணிலாவில் இருந்தபோது தொலைக்காட்சியில் தினமும் ஒரு செஸ் புதிர் வரும். அவர் பள்ளியில் இருக்கும் நேரம் அது. அம்மா அதைக் குறித்து வைப்பார், மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். அவர் அடிக்கடி வென்றதால், வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்தது நம் சீமைக்குச் சொந்தமானது: 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது கோயம்புத்தூரில் நடந்த சக்தி பைனான்ஸ் சர்வதேசப் போட்டியை வென்றுதான். தம்பிக்கு இதைப் பெருமையாகவே சொல், அதில் தவறில்லை. கடைசியாக, 2010-ல் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து விமானங்கள் நின்றபோது அவர் மாட்டிக்கொண்டது நீங்கள் இருக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டில். அங்கிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியாகவே, உலகப் பட்டப் போட்டி நடக்கவிருந்த பல்கேரியாவின் சோஃபியா போய்ச் சேர்ந்தார். போட்டியை மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார், ஒரே நாள்தான் கிடைத்தது. எதிராளி டோப்பலோவிடம் முதல் ஆட்டத்தில் தோற்றார். கடைசியான 12-ஆவது ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார். தம்பி தினமும் பார்க்கும் சாலையிலிருந்துதான் அந்தப் பயணம் தொடங்கியிருக்கிறது.

இனி நஜ்டோர்ஃப். இதை இப்போது தம்பியிடம் சொல்லாதே, அவன் இன்னும் வளரட்டும். இது உனக்கு. மீகேல் நஜ்டோர்ஃப் போலந்து நாட்டு யூதர். 1939-ல் நாடுகளுக்கு இடையிலான செஸ் ஒலிம்பியாட் ஆடுவதற்காக அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸ் போயிருந்தார். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்துவிட்டது. மனைவியும் குழந்தையும் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அங்கே, இவர் கடலுக்கு இந்தப் பக்கம். பலகையைப் பார்க்காமல் ஒரே நேரத்தில் பலரோடு ஆடிச் சாதனை செய்தார். 1943-ல் 40 பலகைகள். 1947-ல் சாவோ பாலோவில் 45 பலகைகள், அவற்றில் 39 வெற்றி. புகழுக்காக இதைச் செய்யவில்லை. இவ்வளவு பெரிய சாதனை என்றால் உலகச் செய்தித்தாள்களில் வரும், எங்காவது உயிரோடு இருக்கும் உறவினர் ஒருவர் தன் பெயரைப் பார்ப்பார் என்று நம்பினார். யாரிடமிருந்தும் பதில் வரவில்லை. எல்லோரையும் கொன்றுவிட்டிருந்தார்கள். அவர் அர்ஜென்டினாவிலேயே மறுபடி குடும்பம் அமைத்து, 1997-ல் இறக்கும்வரை சளைக்காமல் ஆடினார். வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கும் எனக்கு, தம்பி அந்தப் பெயரைச் சொல்லி ஒப்பிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. வாரம் ஒரு முறையாவது போன் செய் என்று நான் உன்னை நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்.

தோற்ற ஆட்டத்தின் நகர்த்தல் குறிப்புத் தாள் தம்பியிடம் இருந்தால், அவன் சம்மதம் கேட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பு. மாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. அனுப்பினால் இங்கே பலகையில் காய்களை வைத்து, எந்த இடத்தில் அவன் நன்றாக ஆடினான் என்பதை முதலில் குறித்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் இருவரும் பார்ப்போம். சுல்தான் கான் கப்பாபிளாங்காவை வென்ற ஆட்டமும் என் நோட்டில் இருக்கிறது, நேரம் இருந்தால் அதையும் ஆடிப் பார்க்கலாம். அம்மா மஞ்சள் தூளும் கொள்ளுப் பொடியும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் அனுப்புகிறோம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா