புதிர் இல்லாத வேதாளம்

ஆசிரியருக்கு,

விக்கிரமாதித்தன் கதையைத் தழுவி வந்திருக்கும் சாகசப் படத்துக்கு மட்டமான கிராபிக்ஸ்தான் குறை என்று தங்கள் திரை விமர்சனம் சொல்கிறது. சரி, கிராபிக்ஸ் மோசம்தான். ஆனால் படத்தைக் கவிழ்த்தது திரைக்கதை. மூலக்கதையில், வேதாளம் போடும் புதிருக்கு விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் மன்னனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும். கதையின் உயிரே இந்த இக்கட்டுதான். படத்தில் புதிர்களையெல்லாம் தூக்கிவிட்டு, வேதாளத்தை வெட்டிச் சாய்க்க வேண்டிய ராட்சதனாக்கிவிட்டார்கள். உடன் வந்த என் பேத்தி இடைவேளைக்கு முன்பே வீட்டுக்குப் போகலாமா என்றாள். நான் சொன்ன வேதாளக் கதையில் மன்னனின் தீர்ப்பு தவறு என்று என்னோடு மல்லுக்கு நின்றவள் அவள்.

கணினி கிராபிக்ஸே இல்லாத காலத்தில் சென்னை வடபழனியின் வாகினி ஸ்டுடியோவில் உருவாகி 1951-இல் வெளிவந்தது ‘பாதாள பைரவி’ என்ற மாயாஜாலப் படம். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கேமரா தந்திரங்கள் அதில் கதைக்காக உழைத்தன. இனி இத்தகைய படங்களின் விமர்சனத்தோடு மூலக்கதையையும் சிறு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். படத்தில் எது விடுபட்டது என்று வாசகர்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

- ஒரு வாசகர், சாலிகிராமம், சென்னை