ஆண்டறிக்கை: மாநில நெடுஞ்சாலை 22-இல் நம் கடைசிப் பகுதி

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் உறுப்பினர் சேர்க்கையும் வழக்கம்போல் நடந்தன. பதிவேடு மேசையில் இருக்கிறது. இந்த ஆண்டு நாம் அதிகம் மெனக்கெட்டது சாலை வரலாற்றைத் திரட்டும் வேலைக்குத்தான். அதனால் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

நம் வாசல் வழியே போகும் மாநில நெடுஞ்சாலை 22 கல்லணையில் புறப்படுகிறது. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று காவிரியை ஒட்டியே வந்து பூம்புகாரில் முடிகிறது. நாம் எடுத்துக்கொண்டது மயிலாடுதுறைக்குக் கிழக்கே மன்னம்பந்தல், செம்பனார்கோயில், மேலையூர் வழியாகக் கடற்கரை வரையுள்ள சுமார் 24 கி.மீ. மட்டும்.

"கண்ணகி நடந்த பாதை" என்று பலகை வைக்க ஒரு யோசனை வந்தது. ஆனால் சிலப்பதிகாரம் கண்ணகியையும் கோவலனையும் காவிரியின் வடகரை வழியாக மேற்கே கூட்டிப்போகிறது. நம் சாலையோ இங்கே தென்கரையில் இருக்கிறது. பலகை வேண்டாம் என்று முடிவானது. ஆசைப்பட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 1960களில் பூம்புகாரை அடுத்த கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் மரக்கம்பமும் கிடைத்தன. கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணித்திருக்கிறார்கள். பூம்புகாரில் 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்க்க பஸ் பஸ்ஸாக வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பலகை வைப்பதானால் அதற்கு வைக்கலாம்.

மூத்த உறுப்பினர்களோ ரயிலைப் பற்றித்தான் பேசினார்கள். 1926இல் வந்த மாயவரம்–தரங்கம்பாடி ரயில் மன்னம்பந்தல், செம்பனார்கோயில் வழியாகத்தான் ஓடியது. 1986இல் நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் எல்லாச் சுமையும் ரோட்டின் தலையில்.

சாலை உயர்ந்துகொண்டே போவதுதான் இன்றைய தலைவலி. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், ஓரத்து வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. ஐப்பசி மழைக்குத் தண்ணீர் திண்ணை ஏறுகிறது. வாய்க்கால் தண்ணீர் சாலையைக் கடக்கும் குழாய்கள் பல இடங்களில் தூர்ந்து கிடக்கின்றன. காவிரியின் கடைசித் தடுப்பான மேலையூர்க் கடைமுகக் கதவணை வரை தண்ணீர் வந்து சேர்ந்தாலும், ரோட்டின் மறுபக்க வயலுக்குப் போகவில்லை என்றால் என்ன பயன்? படங்களோடு மனு கொடுத்தோம். "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்திருக்கிறது. விடுவதாக இல்லை.

சாலையில் நெல் காயவைப்பது பற்றிக் காரசாரமான விவாதம் நடந்தது. இரவில் பைக் சறுக்குகிறது என்பது உண்மை. ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் தயங்குகிறார்கள். குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வந்தால் விவசாயி எங்கே போவார்? களம் கட்டித் தராமல் ரோட்டில் கொட்டாதே என்பது சரியில்லை என்பது என் கருத்து. செயற்குழுவில் சிலருக்கு இதில் உடன்பாடில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பழைய ரயில் டிக்கெட், ஸ்டேஷன் படம், பஸ் கால அட்டவணை யாரிடமாவது இருந்தால் பொங்கலுக்குள் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்