ஈறு வீங்கினால் பிரஷைத் தள்ளி வைக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈறு வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தால், அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வதே நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. என் தாயாரும் அப்படித்தான் செய்தார். கீழ்வரிசையின் இடப்பக்கத்தை ஆண்டுக்கணக்கில் சரியாகத் துலக்காமல் விட்டு, கல் உப்பை விரலால் தேய்த்தும் கிராம்புத் தைலம் தடவியும் சமாளித்து வந்தவர், கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடத் தொடங்கிய பிறகே மருத்துவரிடம் சென்றார். அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருத்தமே என்னை எழுதத் தூண்டியது.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் நாள்தோறும் படியும் கிருமிப் படலமே ஈறு வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம். 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், நலமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொல்லிக் கவனித்தனர். ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கிய பின் ஒரு வாரத்தளவில் தணிந்தது. அப்படியிருக்க, இரத்தம் கசியும் இடத்தைத்தான் நாம் இன்னும் பொறுமையாக, மென்மையாகத் துலக்க வேண்டும். அகற்றப்படாத படலம் உமிழ்நீரிலுள்ள தாதுக்களால் இறுகிக் காரையாகிவிட்டால், எந்தப் பேஸ்ட்டாலும் அதைப் பெயர்க்க முடியாது. பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். காரை எடுத்தால் பல் ஆடிவிடும் என்று அஞ்சுவோர் பலர். பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருப்பதை அதுவரை காரை மறைத்திருக்கும் என்பதை யாராவது அவர்களுக்குப் பொறுமையாக விளக்கியிருந்தால் அந்த அச்சம் இருக்காது.

கடையில் பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறுகிறோம். அழுத்தித் தேய்த்தால்தான் பல் வெளுக்கும் என்று நம்பி 'ஹார்டு' பிரஷ் வாங்குகிறோம். அது ஈற்றைக் கிழித்து, நாளடைவில் பல்லின் வேரை வெளிக்காட்டிவிடும். 'சாஃப்ட்' என்று குறிக்கப்பட்ட, கடைவாய்வரை எட்டும் சிறிய தலையுள்ள பிரஷே போதும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ, இழைகள் விரிந்தவுடனோ மாற்றிவிட வேண்டும். அடுப்புக்கரி, செங்கல் தூள், கரகரப்பான பற்பொடி ஆகியவை பல்லின் மேற்பூச்சைத் தேய்க்கும். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-லேயே தடைசெய்துவிட்டபோதிலும், மூக்குப்பொடியைப் பல்லில் தேய்க்கும் பழக்கம் நம் பாட்டிமாரிடம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. பேஸ்ட்டின் நிறத்தையோ நறுமணத்தையோ பார்ப்பதை விட அதில் பல் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு உள்ளதா என்று பார்ப்பது நல்லது. ஆனால் அளவு மீறினால் அதுவே பல்லைக் கெடுக்கும் என்பதால், குடிநீரில் ஃப்ளூரைடு மிகுந்த தருமபுரி போன்ற பகுதிகளில், சிறு குழந்தைகளுக்கான பேஸ்ட்டை மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தை மருத்துவர் சொன்ன நாள்களுக்கு மேல் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும். அது துலக்குவதற்கு ஈடாகவும் ஆகாது.

எவ்வளவு கவனமாகத் துலக்கியும் வீக்கம் இரண்டு வாரங்களுக்குள் குறையாவிட்டால் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதபோதும் கர்ப்ப காலத்திலும் ஈறு எளிதில் வீங்கும். இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் அம்லோடிபின், வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டோயின் ஆகியவையும் சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்யும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காலையில் மட்டுமே துலக்கிப் பழகிய நாம் இரவு உணவுக்குப் பின்னும் இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் அடிக்கடி எடுத்துச்சொன்னால் நன்மை விளையும். பிரஷின் மென்மையும் பேஸ்ட்டிலுள்ள ஃப்ளூரைடின் அளவும் அட்டையில் பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே அச்சாகின்றன. என் தாயாரைப் போன்றோர் தாமே படித்து வாங்கும்படி அவற்றைத் தமிழிலும் தெளிவாக அச்சிட வேண்டும் என்று உற்பத்தியாளர்களையும் அரசையும் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.