கல்வெட்டு அச்சுக்குப் போகுமுன்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். நீயும் மருமகனும் பிள்ளைகளும் நலமாயிருக்கக் கோணேசப் பெருமான் துணை. அம்மப்பாவின் இறுதிக்கிரியைக்கு வர முடியவில்லையே என்று இனியும் மனம் வருந்தாதே. 96 வயதில் நித்திரையிலேயே போனவருக்காக நீ கைக்குழந்தையோடு கனடாவிலிருந்து ஓடிவருவதை அவரே விரும்பியிருக்கமாட்டார். கன்னியாவில் அந்தியேட்டிக் கிரியையை முடித்துக்கொண்டு, அன்றைக்கே வீட்டில் அவருடைய நினைவு மலரான கல்வெட்டையும் வெளியிடுவதாக மாமா ஒழுங்கு செய்திருக்கிறார். அந்தக் கல்வெட்டின் விடயமாகவே இதை எழுதுகிறேன்.

"1942 இல் திருகோணமலையைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களை எதிர்த்து நின்ற வீரர்" என்று தொடங்கும் ஒரு வாழ்க்கைக் குறிப்பை உறவினர் ஒருவர் எழுதித் தந்தார். எழுத்து நன்றாகத்தான் இருந்தது; ஆனால் அந்த வரியை நான் வெட்டிவிட்டேன், மாமாவுக்கு அதில் சற்று மனத்தாங்கல். அம்மப்பா 1941 இல், தமது 20 ஆவது வயதில், இலங்கைக் கடற்படைத் தொண்டர் படையில் சிக்னல்காரராகச் சேர்ந்து, மீன்பிடிக் கப்பலாயிருந்து கண்ணிவாரியாக மாற்றப்பட்ட ஒன்றில் கொழும்புத் துறைமுக வாயிலில் வேலை செய்தவர். கப்பலின் பின்னால் நீண்ட கம்பியை இழுத்துக்கொண்டு, கடலுக்கடியில் கண்ணிவெடி கட்டியிருந்தால் அதன் பிணைப்பை அறுத்து மேலே மிதக்கவிட்டுச் சுட்டு வெடிக்க வைப்பதற்காக, நாள்தோறும் ஒரே பாதையில் போய்வருவதுதான் அவர்களுடைய யுத்தம். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் அகப்படாது என்றும், ஒன்றும் அகப்படாத நாளே நல்ல நாள் என்றும் அவர் சொல்வார்.

1942 சித்திரை 5 ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தபோது அவர் அங்கே இருந்தார். நான்கு நாள் கழித்து, 9 ஆம் திகதி காலையில், திருகோணமலை தாக்கப்பட்டபோதும் அவர் கொழும்பில்தான் இருந்தார். அன்று இங்கே இருந்தவர் அம்மம்மா. அப்போது அவருக்கு 14 வயது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கியில் விமானமொன்று மோதி எழுந்த கரும்புகையைப் பார்த்தபடி, தாய் தகப்பனோடு மாட்டுவண்டியில் தம்பலகாமத்துக்குப் போனவர். "யுத்தத்தைக் கண்டது நான், பென்சன் உங்களுக்கா?" என்று பிற்காலத்தில் அவர் கேட்கும்போதெல்லாம் அம்மப்பா வாயைத் திறக்கமாட்டார். இதையும் கல்வெட்டில் போடலாமே என்று கேட்டேன், மாமா சிரிக்கவில்லை.

1949 இல் அவர்களுக்குக் கலியாணம் நடந்தது. அம்மப்பாவுக்கு இங்கே கடற்படைத் தளத்து டொக்யாட்டில் எழுதுவினைஞர் வேலை, 1957 ஐப்பசியில் வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனதோடு அதுவும் போயிற்று. அதன்பின் வானொலிப் பெட்டி திருத்தும் கடை. 1983 ஆடியில் அதுவும் எரிந்தது. இவற்றை அவர் நீட்டிப் பேசியதில்லை, நானும் நீட்டவில்லை. 1990 இல் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறியதை மட்டும் இருவரும் மாறி மாறிச் சொல்வார்கள். கடற்படைக்காரரைக் கட்டி 41 வருடமாகியும் அம்மம்மா அவரோடு கடலில் போனது அதுவே முதல் தடவை. இரவு முழுவதும் சத்தியெடுத்த அவருடைய தலையை மடியில் வைத்திருந்தபடி, ஓட்டியாயிருந்த பெடியனுக்கு நட்சத்திரம் பார்த்து வழி சொல்ல இவர் வாயெடுக்க, "அந்தப் பிள்ளைக்குத் தெரியும், நீங்கள் பேசாமல் இருங்கோ" என்று அந்த நிலையிலும் அம்மம்மா அதட்டினாராம். அம்மப்பாவின் கடற்படைப் பதக்கத்தின் படம் கேட்டிருந்தாய். அது அந்த வருடம் வீட்டுச் சாமான்களோடு போய்விட்டது. அவர் அதைத் தேடியதுமில்லை.

நான் உனக்குச் சொல்ல விரும்புவது 1998 இல் தொடங்குகிறது. மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து சில வருடங்களில் அம்மம்மாவைப் பாரிசவாதம் தாக்கி வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. அப்போது அம்மப்பாவுக்கு 77 வயது. ஆள் வைப்போம் என்று நாங்கள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று தாதி சொன்னதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். பழைய வேட்டியொன்றை நாலாக மடித்து அம்மம்மாவின் இடுப்புக்குக் கீழே விரித்து, அதன் இரண்டு முனைகளையும் கையில் சுற்றி, தமது முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, ஒரே இழுப்பில் அவரை நோகாமல் திருப்புவார். நான் இரண்டு கையாலும் முயன்றும் எனக்கு அது வாய்க்கவில்லை. நள்ளிரவிலும் நாலு மணிக்கும் மணிக்கூடு அலறாமலே எழும்பிவிடுவார். கப்பலில் பழகிய முறைக்காவல் உடம்பிலிருந்து போகவில்லை.

அந்தப் பதினொரு வருடமும் அவர் கப்பல் நாட்குறிப்பு எழுதுவதுபோலக் கொப்பிகளில் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறார். முதலில் நேரம், அடுத்து கச்சானா வாடையா என்று காற்று, அதன்பின் அம்மம்மா. "0600. கச்சான். சீனி 140. இடியப்பம் இரண்டு. கோபம்." இப்படியே பக்கம் பக்கமாக. "கோபம்" என்ற சொல் வராத கிழமை குறைவு; நோயாளியின் கோபத்தையும் வெப்பநிலைபோல் பதிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்த மனிதர் அவர். சுனாமி வந்த 2004 மார்கழி 26 ஆம் திகதிப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். "வாடை. கடல் ஏறியது. அவளைக் கதிரையோடு தூக்கினோம். காலைக் குளுசை ஒரு மணித்தியாலம் பிந்தியது" என்று மட்டுமே இருக்கிறது. அன்று கழுத்தளவு தண்ணீரில் அவரும் பக்கத்துவீட்டுப் பிள்ளைகளும் பட்ட பாட்டை நான் அந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் அறிந்தேன். 2009 இல் அம்மம்மா போனபின்பும் அவர் எழுதுவதை விடவில்லை. அந்தக் கொப்பிகளில் நேரமும் காற்றும் மட்டும் இருக்கின்றன. மூன்றாவது நிரலுக்குக் கோடு போட்டிருக்கிறார், ஒன்றும் எழுதவில்லை.

பேரப்பிள்ளைகள் சார்பில் ஒரு பக்கம் உனக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். கவிதை வேண்டாம், தேவாரமும் வெண்பாவும் போதிய அளவு வந்துவிட்டன. சிறுவயதில் அவரோடு இருந்தபோது நீ கண்டதை எழுதி, 10 ஆம் திகதிக்கு முன் மாமாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடு. சுனாமி நாளின் பக்கத்தைப் படமெடுத்து இத்துடன் அனுப்புகிறேன். அதை அட்டையின் உட்பக்கத்தில் போடவேண்டும் என்பது என் விருப்பம். சீருடைப் படம் எங்காவது கிடைத்தால் அதுதான் மதிப்பு என்கிறார் மாமா. நான் சொல்லி அவர் கேட்கிறாரில்லை, நீ தொலைபேசியில் ஒருமுறை பேசிப் பார்.

அன்புடன்,
அம்மா